நாபோத்தின் பிள்ளைகள்

வசனத்தைக் கவனமாகக் கேளுங்கள் என்று பீடத்திலிருந்து சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். தலையைக் குனிந்து வாயை மூடிக்கொண்டிருப்பதைத்தான் அவர்கள் கவனம் என்கிறார்கள். ஊர்த்தெருவில் நம்மிடம் எதிர்பார்த்ததும் அதைத்தானே.

எங்கள் ஆயா கேட்டது வேறு மாதிரி. படப்பைப் பக்கத்துச் சேரியில், ஓலைக் கொட்டகைச் சபை. எழுத்து தெரியாத ஆயாவுக்கு வேதமெல்லாம் காது வழியாகத்தான். ஆறு நாள் நாற்று நட்டு, களை பறித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முன்வரிசைப் பாயில் உட்காருவாள். தூங்கமாட்டாள்.

ஒரு ஞாயிறு நாபோத்தின் திராட்சத்தோட்டக் கதை. அரண்மனையை ஒட்டிய அந்த நிலத்தை ஆகாப் ராஜா கேட்கிறான், கீரைத்தோட்டம் போடணுமாம். வேறு நிலம் தருகிறேன், இல்லையென்றால் காசு வாங்கிக்கொள் என்கிறான். பாட்டன் முப்பாட்டன் சொத்து, தரமாட்டேன் என்கிறான் நாபோத். ராணி யேசபேல் ராஜா பேரில் கடிதம் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்புகிறாள். இரண்டு பொய்ச்சாட்சி வருகிறார்கள். நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றுவிடுகிறார்கள்.

பேராசை கூடாது என்று பிரசங்கத்தை முடித்தார் போதகர். கால் காணி இல்லாத எங்களுக்கு!

ஆயா விடவில்லை. "ஐயரே, அந்த ஆளுக்குப் புள்ளைங்க இல்லியா? அப்பன் செத்தா நெலம் புள்ளைக்குத்தான வரணும்? ராசா எப்பிடி எடுத்துக்கினான்?" (போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கூத்து தனி.)

வேதத்தில் அதெல்லாம் இல்லை என்றார் அவர். பிறகு நான் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. இரண்டாம் ராஜாக்கள் 9ஆம் அதிகாரம் 26ஆம் வசனம். நாபோத்தின் ரத்தத்தோடு அவன் பிள்ளைகளின் ரத்தமும் அங்கே பேசப்படுகிறது. வாரிசையும் சேர்த்தே முடித்திருக்கிறார்கள்.

ஆயாவுக்கு இந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை. அவள் கேட்டது செங்கல்பட்டுச் சீமையில் உட்கார்ந்து. இந்தச் சீமைப் பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மாட்களுக்குள்தான் கைமாறணும் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் நிலம் போனது. எப்படிப் போனது? பத்திரத்தில் முத்திரை இருக்கும். சாட்சிக் கையெழுத்தும் இரண்டு இருக்கும். யேசபேல் செய்ததும் முறைப்படிதானே!

காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. சேரியில் ஒரே தெருவில் இருக்கிற இரண்டு பெயர்கள்.

இப்போது ஒரகடத்தில் கார் கம்பெனிகள். படப்பை ரோட்டோரம் சென்ட் கணக்கில் விலை பேசுகிறார்கள். எங்கள் சபைக்கும் கான்கிரீட் கூரை, மைக்செட் எல்லாம் வந்துவிட்டன. நாபோத் கதையும் அவ்வப்போது வருகிறது. அந்த 26ஆம் வசனத்தை மட்டும் பீடத்திலிருந்து ஒருவர் வாசித்து நான் கேட்டதில்லை.