தண்ணிக்குள்ள ஒரு கடைத்தெரு

நக்கிள்ஸ் மலைப்பக்கம் போறவங்களுக்காக நாங்கள் ஒரு தளம் நடத்தினோம். எங்கள் இணைப்பை அழுத்தி யாராவது அறை பதிவு செய்தால் எங்களுக்குக் கமிஷன். எழுதச் சோம்பல். பல்லேகம பற்றி ஒரு ரெடிமேட் கட்டுரையைக் காசு குடுத்து வாங்கிப் போட்டோம். அதே கட்டுரை இன்னும் எத்தனை தளங்களில் கிடந்ததோ!

எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா அதை நம்பிப் பிள்ளைகளோட போயிட்டு வந்து கேட்டார்: "தம்பி, நீங்க சொன்ன பழைய கடைத்தெரு எங்கப்பா?"

பதில் தெரியவில்லை. அதுக்குப் பிறகுதான் நாங்கள் பஸ் ஏறினோம். பழைய பல்லேகம நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாக லக்கல புதிய நகரத்தைக் கட்டினார்கள். நாங்கள் பார்க்கச் சொன்ன தெரு தண்ணிக்கு அடியில்!

நகல் கட்டுரைகளைத் தேடலில் கீழே தள்ளும் பாண்டா மாற்றத்தைக் கூகுள் 2011 இலேயே கொண்டுவந்தது. கூகுளை விடுங்க. அந்த அக்கா வெயிலில் அலைஞ்ச பயணத்துக்கும் எங்களுக்குக் கமிஷன் வந்தது. அதுதான் உறுத்தியது.

இப்போது அந்தக் கட்டுரையில் நாங்களே எடுத்த படங்களும் விசாரித்து எழுதிய பஸ் நேரங்களும் இருக்கு. அறை இணைப்பு மூன்றே மூன்று. மூன்றும் நாங்கள் படுத்துப் பார்த்தவை, ஒன்றில் நுளம்புத் தொல்லை என்றும் எழுதியிருக்கோம்.