சுருதி சேரவில்லை

மார்கழி பிறந்தால் எனக்கு இரண்டு கவலைகள். எந்தச் சபையில் யார் பாடுகிறார் என்பது ஒன்று. அந்தச் சபையில் ஓரத்து நாற்காலி கிடைக்குமா என்பது மற்றொன்று. முன்னெல்லாம் முதல் கவலைதான் உண்டு. இரண்டாவது, அறுபது வயதுக்கு மேல் வந்து சேர்ந்தது. நடு வரிசையில் உட்கார்ந்துவிட்டால், பல்லவி நடக்கும்போது எட்டுப் பேர் முழங்கால்களைத் தாண்டிக்கொண்டு வெளியே ஓட வேண்டியிருக்கிறது. ஏன் ஓட வேண்டும் என்பதை வயதானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாலிபர்களுக்குச் சொல்லிப் பயனில்லை.

1964-ல், என் 14-வது வயதில், ஒரு கோயில் உற்சவத்தில் மதுரை மணி ஐயர் பாடிக் கேட்டேன். மணலில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஸ்வரம் பாட ஆரம்பித்ததும், தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்கூடத் தலையை ஆட்டினார்கள். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனாலும் அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

1965-ல் ஜி. என். பி. போனார். 1967-ல் அரியக்குடி. 1968-ல் மணி ஐயர். ஒவ்வொரு தடவையும் எங்கள் தெருப் பெரியவர்கள், "இதோடு சங்கீதம் போச்சு!" என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களுடைய தகப்பனார்கள், கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயர் போனபோதே அது போய்விட்டதாகச் சொன்னார்களாம். இத்தனை தடவை போன சங்கீதம் எப்படித்தான் மறு மார்கழிக்குள் திரும்பி வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கிழவனானால் இந்த வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது என்று அப்போதே சங்கல்பம் செய்துகொண்டேன்.

சொல்லிவிட்டேன். சங்கதி இதுதான்.

மூன்று வருஷங்களுக்கு முன், ஒரு சபையில் மத்தியான்னக் கச்சேரி. டிக்கெட் இல்லாத கச்சேரி. சின்னப் பெண் பாடினாள். ஞானம் இருந்தது, குரல் இருந்தது. ஆனால் பின்னால் மீட்டிய தம்புரா எனக்குக் கட்டையை மீட்டுவது போல் கேட்டது. முடிந்ததும் மேடையருகே போய், "பாட்டு நன்றாயிருந்தது, குழந்தே. தம்புராவில்தான் ஜீவன் இல்லை. சுருதியைக் கவனித்துக்கொள்" என்றேன். "சரி மாமா" என்றாள். முகம் வாடிவிட்டது. பெரியவர்கள் சொன்னால் கொஞ்சம் வாடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், நாற்பது வருஷமாக என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் சிநேகிதர் கேட்டார்: "சுருதிக்கு என்ன ஓய் குறை? கும்மென்றுதானே இருந்தது?"

"உமக்குக் காது போச்சு ஓய்!" என்றேன்.

அந்த சீஸன் முழுவதும் குறைதான் சொன்னேன். வயலினில் குழைவு இல்லை. புல்லாங்குழலில் காற்றுத்தான் வருகிறது. மைக்காரன் சரியில்லை. பிறகு ஒரு நாள் வீட்டில் என் பேத்தி வந்து, "தாத்தா, வாஷிங் மெஷின் இவ்வளவு நேரமாகக் கூவுகிறதே, உங்கள் காதில் விழவில்லையா?" என்றாள். விழவில்லை.

காது டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். இடது பக்கம் சமவெளியாகப் போகும் கோடு, வலது பக்கம் மலைச்சரிவு போல இறங்கியது. உள்காதில் மெல்லிய மயிர்போன்ற உயிரணுக்கள் இருக்கின்றனவாம். வயதாக ஆக, மேல் ஸ்தாயி ஒலிகளை வாங்குகிறவை முதலில் போகின்றன. போனால் திரும்ப முளைப்பதில்லை.

தம்புராவின் சூட்சுமம் எனக்குத் தெரியும். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சிறு நூலைச் செருகி, அதை மயிரிழை நகர்த்தினால் ரீங்காரம் பிறக்கும். ஜீவாளி என்பார்கள். மூல ஒலிக்கு மேலே எழும் மெல்லிய ஒலிகளின் கூட்டம்தான் அந்த ரீங்காரம். அந்தப் பெண்ணின் தம்புராவில் ஜீவன் இருந்தது. என் காதுக்குத்தான் அது எட்டவில்லை.

கருவி மாட்டிக்கொண்டேன். அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. தானே கூவிவிடாமல் இருக்க அதில் ஓர் ஏற்பாடு உண்டு. நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தைக் கேட்டால், தன் கூவல் என்று நினைத்து அதையே அடக்கப் பார்க்கிறது. கார்வை நடுங்குகிறது. சங்கீதத்துக்கென்று தனியாகத் திருத்தி வாங்கினேன். பாதி தேவலை.

போன மார்கழியில் அதே பெண்ணுக்குச் சாயங்காலக் கச்சேரி. முடிந்ததும் படியருகே காத்திருந்து சொன்னேன்: "அன்றைக்குச் சுருதி சரியில்லை என்றேனே, என் காதுதான் சரியில்லை, அம்மா. மன்னித்துக்கொள்."

அவள் மறக்கவில்லை. "அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் சுருதி சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன், மாமா. குறையே அகப்படவில்லை. நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். அப்புறம் அதை மேடைக்குக் கொண்டுவருவதில்லை. பாட்டி தம்புரா அது" என்றாள்.

எனக்குப் பேச்சு எழவில்லை. என் வயதுக்காக அவள் கொடுத்த மரியாதை, ஒரு தம்புராவை மூன்று வருஷம் உறைக்குள் வைத்துவிட்டது. "அடுத்த கச்சேரிக்கு அதைக் கொண்டு வா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கொண்டு வந்தாள். மைலாப்பூரில் ஒரு சின்ன ஹால். நாங்கள் இருவரும் முன் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தோம். பாடுமுன் அவள் வெகு நேரம் சுருதி சேர்த்தாள். எனக்குக் கேட்டது கீழே ஓடும் ஒலி மட்டுந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என் சிநேகிதரும் மூடிக்கொண்டார். நான் அவர் முழங்காலைத் தொட்டு, "சுருதி எப்படி ஓய்?" என்றேன்.

"ஏன், நீர் சொல்லுமே!"

"உமக்குத்தான் காது இருக்கிறது. நீர் சொல்லும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். நாற்பது வருஷத்தில் நான் விட்டுக்கொடுத்த முதல் தர்க்கம் அது. ஜயித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை.

"சேர்ந்திருக்கிறது ஓய்" என்றார், மெதுவாக. "நன்றாகச் சேர்ந்திருக்கிறது."