சும்மா வரைஞ்ச சுவர்

கெப்பாசிட்டர்ல என்ன பெரிய விஷயம், ரெண்டு தகடு, நடுவுல காற்று, அவ்ளோதானேன்னு நினைச்சுத்தான் எம்.ஈ. படிக்கும்போது சிமுலேஷன்ல உக்காந்தேன். 10 செ.மீ. சதுரத் தகடுகள், 1 செ.மீ. இடைவெளி. ஃபார்முலாப்படி 8.85 பிகோஃபாரட். ஓரத்துல பிதுங்கி வளையுற புலத்தை ஃபார்முலா கண்டுக்காது, அதனால விடை கொஞ்சம் கூடத்தான் வரணும்.

எனக்கு வந்தது கொஞ்சம் இல்லீங்க. காற்று எதுவரைக்கும்னு காட்ட சுத்தி ஒரு பெட்டி வரைவோமே, அதைச் சின்னதாக்க ஆக்க விடை ஏறிக்கிட்டே போச்சு. காலையில கைடுகிட்ட காட்டணும். மெஷ்தான் சரியில்லைன்னு ராத்திரி பூரா அதையே நறுக்கிட்டு இருந்தேன். (சாஃப்ட்வேரையும் திட்டினேன், வழக்கம்போல.)

டீ வாங்கிட்டு வந்த ஜூனியர் பையன் எட்டிப் பார்த்துட்டு, "அண்ணா, இந்தப் பெட்டி என்ன தகரமா?"ன்னான்.

தூக்கிவாரிப் போட்டுச்சு. மேல் தகடு 1 வோல்ட், கீழ் தகடு 0. பவுண்டரி கண்டிஷன் கேட்டப்போ, தூரத்துல பூஜ்யம்தானேன்னு பெட்டிச் சுவருக்கும் 0 கொடுத்திருந்தேன். சுவர் பக்கத்துல வந்தா அது மூணாவது தகடு! சரின்னு சுவரை 'ஜீரோ சார்ஜ்'னு மாத்தினா, புலக்கோடுகள் தாண்ட முடியாம நெருங்கி, விடை குறையுது.

கடைசியில தகடுகளுக்கு +0.5, -0.5 கொடுத்து, சுவரை ரெண்டு விதமாவும் வச்சு ஓட்டி, விடைகள் ஒட்டுற வரைக்கும் பெட்டியைப் பெருசாக்கினேன். விடிஞ்சிருச்சு.

கைடு அந்தப் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. ரிப்போர்ட்ல நன்றி சொன்ன பட்டியல்ல அந்தப் பையன் பேர் விட்டுப்போச்சு. இன்னிக்கும் உறுத்துது.