அடையாற்றங்கரைக் கோட்டை

நம் பங்கின் பாடற்குழுச் சிறுவன் ஒருவனையும் அவன் தந்தையையும் அழைத்துக்கொண்டு, அண்மையில் அடையாற்றங்கரைக்குச் சென்று வந்தோம். "சங்கீதம் சோறு போடுமா, சாமி?" என்று தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறியது முதலே தந்தையார் வினவியபடி இருந்தார். கிண்டியில் இறங்கிப் பேருந்து பிடித்து, ஆற்றுப் பாலத்தைக் கடந்து கிரீன்வேஸ் சாலையை அடைந்தோம். குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்திற்கு வருவோர் பலரும் காணாமலே செல்லும் மாளிகை ஒன்று அங்குண்டு. வெண்ணிறக் கட்டடம், இருமருங்கும் சிறு கோபுரங்கள், மேல்விளிம்பில் பல்வரிசை போன்ற கோட்டைச் சுவர்.

"இங்கே சண்டை நடந்ததா, சாமி?" என்றான் சிறுவன்.

நடக்கவில்லை. 1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை நம் பரங்கிமலை வரை வந்து சென்னையை நடுங்க வைத்தது மெய்யே. ஆனால் இம்மாளிகை எழுந்ததோ 1796-இல். அச்சம் தணிந்து, வெள்ளையர் கோட்டையை விட்டு வெளியேறித் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்ட காலம் அது. கம்பெனி ஊழியராகிய ஜேம்ஸ் பிரோடி 11 ஏக்கர் நிலத்தில் இதனைக் கட்டினார். அவர் ஸ்காத்லாந்துக் குடியினர். பிரோடி குலத்தாரின் பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டை இன்றும் அந்நாட்டில் நிற்கிறது. மேலும், இடைக்காலக் கோட்டைகளையும் ஆலயங்களையும் போன்று வீடு கட்டும் மோகம் அப்போது இங்கிலாந்தில் பரவியிருந்தது. ஓரேஸ் வால்போல் என்பார் 1749 முதல் இலண்டன் அருகே அவ்வாறு கட்டியதே அதற்குப் பெரிய தூண்டுகோல். ஆகவே பிரோடியின் அரண் வெறும் அலங்காரமே. உயர்ந்த தூண்களும் ஆழ்ந்த தாழ்வாரமும் உடைய ஏனைய தோட்ட மாளிகைகளே இவ்வூர் வெயிலுக்கு ஏற்றவை என்பது நம் எண்ணம்; எனினும் கண் என்னவோ இதன்மீதே நிற்கிறது.

பிரோடி இங்கு நெடுநாள் வாழவில்லை. செல்வம் குன்றவே மாளிகையை வாடகைக்கு விட்டார். சில ஆண்டுகளில், எந்த ஆற்றின் அழகுக்காக இவ்விடத்தைத் தேர்ந்தாரோ அதே அடையாற்றில் படகு கவிழ்ந்து மாண்டார். மயிலாப்பூரில் அவர் பெயர் தாங்கிய சாலையும் இன்று இராமகிருஷ்ண மடம் சாலை ஆகிவிட்டது.

மாளிகைக்கோ மறுவாழ்வு கிட்டியது. 1949-இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கப்பெற்ற அரசு இசைக் கல்லூரி பின்னர் இங்குக் குடிபுகுந்தது. மாளிகையும் 'தென்றல்' எனப் பெயர் பெற்றது. 2013-இல் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் எழுந்தது.

உள்ளிருந்து வீணையொலி வந்தது. சிறுவன் படியிலேயே நின்றுவிட்டான். தந்தையார் சற்றுநேரம் அவனையே பார்த்திருந்தார். பிறகு, விண்ணப்பத் தாள் எங்கே கிடைக்கும் என்று காவலாளியிடம் கேட்டார்.