ஆலங்காயத்து ஆவாரை

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போகிறீர்களா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். ஜவ்வாது மலை நெருங்க நெருங்க, கரம்பெல்லாம் மஞ்சள் ஆவாரம்பூ! இந்தப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள்.

ஆசையாக ஒரு செடியைப் பிடுங்கி வந்து, சென்னை வீட்டில் நட்டேன். தினம் தண்ணீர் ஊற்றியும் பட்டுப்போச்சு. அடுத்த முறை போனபோது, பூப் பறித்த பாட்டி சிரித்தார்: "ஆழமா வேர் ஓடற செடிம்மா, புடுங்கினா பொழைக்காது. காய்ஞ்ச காயைக் கொண்டுபோய் வெதை."

விதைத்தோல் கெட்டி. வெந்நீரில் ஓரிரவு ஊறப்போட்டு, நல்ல வெயில் விழும் இடத்தில் விதைத்தேன். வேர் பிடித்ததும் தண்ணீரைக் குறைத்தேன். இந்தப் பொங்கலுக்கு மாவிலையோடு செருக, எங்க வீட்டுப் பூ!

"பூக் கஷாயம் இருக்கே, சர்க்கரை மாத்திரை எதுக்கு?" என்கிறார் மாமியார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த முடியுமா? மிச்சப் பூவெல்லாம் குளியல் பொடிக்குத்தான்!