எதிராளி செய்த கார்

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாக எட்டயபுரம் நோக்கிப் போகும் நாலு வழிச் சாலையும், கிழக்கே திருச்சுழிக்குப் பிரிந்து போகும் ரோடும் ஒரே காரை இரண்டு விதமாகச் சோதிக்கும். முதலாவது மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலை. கண்ணுக்கெட்டிய மட்டும் நேராகக் கிடக்கும். உப்பு லாரியும் கண்டெய்னரும் வரிசை கட்டிப் போகும். ஆடி மாதத்தில் மரமில்லாத வெளியைத் தாண்டி வரும் மேல்காற்று வண்டியின் விலாவில் மோதித் தள்ளும். இரண்டாவது, கரிசல் மேல் போட்ட ரோடு. கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடைக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். எத்தனை முறை தார் போட்டாலும் சில மழைக்காலங்களுக்குள் ரோடு அலை அலையாகிவிடும். பார்வைக்குப் பள்ளம் தெரியாது. அறுபதில் போனால் தொட்டில் மாதிரி இருக்கும், எண்பதில் அடிவயிறு கலங்கும். நல்ல சஸ்பென்ஷன் உள்ள வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்து நிதானத்துக்கு வந்துவிடும். மட்டமானது இரண்டு மூன்று ஆட்டம் ஆடித்தான் அடங்கும். அது அடங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும்.

இந்த இரண்டு ரோட்டிலும் பல வருடமாக வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு செடான் காரின் திறமையை நான் டாப் ஸ்பீடை வைத்து எடை போடுவதில்லை. கரி மூட்டை அடுக்கிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது, நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கி மிதித்தால் எதிர்ப்பக்கத்தில் எத்தனை நொடி நிற்க வேண்டியிருக்கிறது? ரோட்டில் குதிரைவாலிக் கதிரைப் பரப்பிவைத்திருக்கும் இடத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நேராக நிற்கிறதா, திரும்பிக்கொள்கிறதா? கிடைக்குப் போகும் ஆட்டு மந்தை சட்டென்று குறுக்கே வந்தால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்கிறதா? இவைதான் என் கேள்விகள். இவற்றுக்கு இன்றைய கார்கள் சொல்லும் பதில் என் இளவயதில் கற்பனைக்கு எட்டாதது. எந்த ஒரு கம்பெனியும் தானாக மனமிரங்கி அந்தப் பதிலைத் தரவில்லை. பக்கத்திலிருந்த எதிராளிக்குப் பயந்து தந்தது.

எதிராளி இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு அருப்புக்கோட்டை கார் ஸ்டாண்டே சாட்சி. அம்பாசடர், அம்பாசடர், இடையில் ஒரு பத்மினி. அம்பாசடர் மீது எனக்கு இன்றும் பிரியம் உண்டு. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், உள்ளே சோபா மாதிரி சீட்டு, ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தையே ஏற்றிக்கொள்ளும். எந்தக் கிராமத்து வெல்டிங் பட்டறையிலும் வைத்தியம் பார்த்துவிடலாம். ஆனால் 1950களின் கடைசியில் வந்த அந்த வண்டி, 1,489 சி.சி. கொண்ட, ஐம்பது குதிரைசக்தியை ஒட்டிய அதே பெட்ரோல் எஞ்சினை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகளைக் கடத்தியது. யார் எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசாங்கத்தின் லைசென்ஸ் தீர்மானித்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க ஜனங்கள் தயாராக இருந்தார்கள். எஞ்சினை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் வரிசை குறையப்போவதில்லை என்றால் யார் மாற்றுவார்கள்?

இதைவிட வருத்தமான கதை நம் சென்னையில் நடந்தது. வண்டலூர் அருகே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்தது. ஹெரால்டும் கெஸலும் செய்த கம்பெனி. அவர்கள் 1985இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற காரைக் கொண்டுவந்தார்கள். அதன் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1977ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற வண்டி அது. அங்கே 3.5 லிட்டர் வி8 எஞ்சினோடு ஓடியது. அங்குள்ள போலீஸே அதை வைத்து நெடுஞ்சாலையில் ரோந்து போனது. அப்பேர்ப்பட்ட உடம்புக்குள் இங்கே பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காலத்து 1,991 சி.சி. எஞ்சினைத் தட்டித் திருத்தி வைத்தார்கள். எண்பது சொச்சம் குதிரை. விலையும் அதிகம், இழுவையும் போதவில்லை, பெட்ரோலும் குடித்தது. சில வருடங்களில் வண்டியும் நின்றது, தொழிற்சாலையும் நின்றது. அங்கிருந்த தொழிலாளிகளின் கைத்திறனில் எந்தக் குறையும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. இன்னொருவன் இதைவிட நல்ல எஞ்சினோடு வந்துவிடுவானே என்று அந்த வரைபட மேசையில் யாரும் தூக்கம் கெடவில்லை. குறை அங்கேதான்.

1993இல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றானது. மாருதி எஸ்டீம், டேவூ சியலோ, ஓப்பல் அஸ்ட்ரா, போர்டு எஸ்கார்ட் என்று ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் பக்கத்து மில் முதலாளிகள் வீட்டு வாசலில் அவை நின்றதைத் தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்ததுண்டு. ஆனால் நிஜமான மல்லுக்கட்டு சென்னையைச் சுற்றித்தான் தொடங்கியது. 1998இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சரைச் செய்ய ஆரம்பித்தது. அம்பாசடர் செய்த அதே கம்பெனி என்பதைக் கவனிக்க வேண்டும். 1999 அக்டோபரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்ஸென்ட். அடுத்த மாதமே மறைமலை நகரிலிருந்து போர்டு ஐகான். மூன்று தொழிற்சாலைகளும் சென்னையிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய் வந்துவிடும் தூரம். நொய்டா பக்கத்திலிருந்து ஹோண்டா சிட்டியும் இந்த மல்லுக்கட்டில் இருந்தது. ஒரே பிரேக் கம்பெனி, ஒரே கண்ணாடி கம்பெனி, ஒரே சீட்டு தைக்கும் கம்பெனி இரண்டு எதிராளிகளுக்கும் சரக்கு அனுப்பும் தொழில் இது. ஒருவன் கேட்டு வாங்கிய தரம் அந்தப் பட்டறைக்குப் பழகிவிட்டால், அடுத்தவனுக்கும் அதற்குக் கீழே செய்து கொடுக்க மனம் வராது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான் என்று நினைக்கிறேன். வேலை எண்ணிக்கை அதற்கு அடுத்தபடி.

ஐகானின் 1.6 எஞ்சின் 92 குதிரை. அதற்குச் சளைக்காமல் ஆக்ஸென்ட் நின்றது. ஹோண்டா 2000ஐ ஒட்டி சிட்டியில் 1.5 விடெக் எஞ்சினை வைத்தது, 106 குதிரை. எஞ்சின் சுற்று ஏறியதும் வால்வுகள் திறக்கும் அளவும் நேரமும் மாறும் ஏற்பாடு அது. மிதித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எஞ்சினின் குரல் மாறி வண்டி பாயும். அதுவரை எவ்வளவு கொடுக்கும் என்று மைலேஜ் மட்டும் விசாரித்தவர்கள் பிக்கப் எப்படி என்றும் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஐகானை ரெண்டாங்கையாக வாங்கிய நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கி, என் சித்தப்பாவைத் திருச்சுழிக்குக் கூட்டிப்போனேன். அவர் அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் அம்பாசடர் ஓட்டி வயிறு வளர்த்தவர். வழியில் ஒரு கரி லாரியைத் தாண்டினேன். நான் கியரை இறக்கியதும் அவரது வலது கால் தன்னால் தரையை மிதித்தது.

"லாரி எங்கடா?" என்றார்.

"பின்னாடி போயிருச்சு சித்தப்பா."

திரும்பிப் பார்த்தார். "நம்ம வண்டின்னா திருச்சுழி வரைக்கும் அவன் பின்னாடியேதான்டா உருட்டிருப்பேன். ரெண்டு தடவ எட்டிப் பாக்குறது, எதுக்க வண்டி வரும், திரும்ப உள்ள வந்துர்றது. எத்தன பேரு அந்த எட்டிப் பாக்குறதுலயே போயிருக்கான்."

அவர் சொன்ன கடைசி வரியை நான் மறக்கவே இல்லை. பிக்கப் என்பது வாலிபர்களின் ஆசை என்று பேசுகிறவர்கள் இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் குடும்பத்தோடு போய்ப் பார்க்கட்டும். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நேரம் பாதியாகக் குறைவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

போட்டி எப்போதும் ஒரே திசையில் ஓடாது. ஹோண்டா 2003இல் சிட்டியை மாற்றியபோது 77 குதிரை எஞ்சினோடு கொண்டுவந்தது. 106 எங்கே, 77 எங்கே! மைலேஜுக்குத்தான் வியாபாரம் என்று கணக்குப் போட்டார்கள், அந்தக் கணக்கு பலிக்கவும் செய்தது. அவர்களைத் திரும்பவும் மேட்டுக்கு இழுத்தது மற்றவர்கள்தான். ஹூண்டாய் ஏற்கெனவே 2002இல் ஆக்ஸென்டில் காமன்ரெயில் டீசலைக் கொண்டுவந்திருந்தது. 2006இல் வெர்னாவில் டீசலுக்கே 110 குதிரை கொடுத்தது. டீசல் வண்டி என்றால் புகையும் முனகலும் என்றிருந்த எங்கள் ஊரில், பந்தல்குடி நேர்ரோட்டில் வெர்னா சத்தமில்லாமல் தாண்டிப் போனதை டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். 2008இல் அடுத்த சிட்டி 118 குதிரையோடு வந்தது. 2011இல் வெர்னா டீசல் 128க்குப் போனது. ஒருவன் ஒரு படி ஏற, மற்றவன் இரண்டு படி.

இதே காலத்தில் அரசாங்கமும் ஒரு கோடு கிழித்தது. 2006 பட்ஜெட்டில், நாலு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் எஞ்சின் 1.2 லிட்டருக்குள்ளும் டீசல் 1.5 லிட்டருக்குள்ளும் இருந்தால் வரி குறைவு என்றார்கள். அவ்வளவுதான், கம்பெனிகளின் மூளை மொத்தமும் டிக்கியை நறுக்குவதில் இறங்கியது. 2008இல் நீளமாக வந்த மாருதி டிசையர் 2012இல் நாலு மீட்டருக்குள் சுருங்கியது. இன்று எங்கள் ஸ்டாண்டில் அம்பாசடர் நின்ற இடத்தில் அதுதான் நிற்கிறது. சிக்கனமான, உழைக்கும் வண்டி, அதில் பிழைக்கிறவர்களுக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. எனக்குள்ள ஆதங்கம் வேறு. அவ்வளவு கெட்டிக்கார எஞ்சினியர்கள் பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் போட்டியிட்டிருக்க வேண்டிய வருடங்களை அளவுநாடாவோடு கழித்தார்கள். அந்தக் கோட்டை வேறு இடத்தில் கிழித்திருக்கலாம்.

வேறு மாதிரி கிழித்த கோட்டுக்கு ஜப்பான் கார்கள் உதாரணம். உலக ராலியின் 'குரூப் ஏ' பிரிவில் ஓட வேண்டுமானால் அதே காரை 2,500 எண்ணிக்கையாவது செய்து பொதுமக்களுக்கு விற்றிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1992இல் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனும் சுபாரு இம்ப்ரெஸாவும் மோத ஆரம்பித்தன. சுபாருவில் கோலின் மெக்ரே 1995இல் உலகப் பட்டம் வென்றார். லான்சரில் டோமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு முறை வென்றார். 250 குதிரையில் தொடங்கிய எவல்யூஷன் சில வருடத்திலேயே 280ஐத் தொட்டது. இரண்டு லிட்டர் எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் இழுவை, நாலு கதவு, பின்னால் டிக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். திருவள்ளூரில் செய்த லான்சரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அலை அடிக்கும் ரோட்டில் அது நிதானம் தவறாமல் போகும்போது அந்த ரத்தம் தெரியும்.

போட்டியின் கெட்ட முகத்தையும் நாங்கள் அறிவோம். ஐந்து நிமிட இடைவெளியில் டைமிங் வாங்கிய இரண்டு தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஊருக்குள் நுழையும்போது ஒதுங்கி நின்று பதறியிருக்கிறோம். அந்தப் போட்டி ரோட்டில் நடக்கிறது, பணயம் பயணிகளின் உயிர். கார் கம்பெனிகளின் போட்டி பட்டறையிலும் சோதனைக்கூடத்திலும் நடக்கிறது. மோதிப் பார்ப்பது பொம்மை மனிதர்களை வைத்து. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் பெரிதாக விற்ற ஐந்து சிறிய கார்களை மோதவைத்து அத்தனைக்கும் பூஜ்ய நட்சத்திரம் என்றது. அதற்குப் பிறகு அந்த நட்சத்திரங்களும் போட்டிப் பொருளாகிவிட்டன. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக போர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசிக் கார் வெளியேறியது. ஒரு கம்பெனி போனதற்கு எதற்கு வருத்தம் என்று கேட்டார்கள். வேலை இழந்தவர்களின் துயரம் முதலில். அதற்கப்புறம் எனக்கென்று ஒரு வருத்தம் உண்டு. ஸ்டீயரிங்கின் பிடிமானத்தில் மற்றவர்களுக்குப் பாடம் வைத்த வண்டிகள் ஐகானும் பியஸ்டாவும். அந்த ஒரு விஷயத்தில் மற்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்க இப்போது ஆள் குறைவு.

நல்லவேளையாக அந்த இடம் காலியாகவே கிடக்கவில்லை. 2022இல் ஸ்கோடா ஸ்லாவியாவும் வோக்ஸ்வேகன் விர்டஸும் 1.5 லிட்டர் டர்போவோடு 150 குதிரையில் வந்தன. 2023 மார்ச்சில் சென்னையிலிருந்து புதிய வெர்னா அதே 1.5 லிட்டரில் 160 குதிரையோடு வந்தது. அந்த இருவரும் 2023இல் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்க, அதே ஆண்டு வெர்னாவும் ஐந்து வாங்கியது. அம்பாசடரின் எஞ்சினும் இவற்றின் எஞ்சினும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு, சக்தி மூன்று மடங்கு. செடானே வேண்டாம், உயரமான எஸ்.யூ.வி. போதும் என்று ஜனங்கள் திரும்பிவிட்ட காலத்தில் இப்படி ஒரு மல்லுக்கட்டு நடப்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. காற்றடிக்கும் நெடுஞ்சாலையில் தாழ்ந்த வண்டியின் நிதானம் உயரமான வண்டிக்கு வராது என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வைகாசியில் மச்சான் ஒருவர் இந்த வண்டிகளில் எதை எடுக்கலாம் என்று கேட்டார். டெஸ்ட் டிரைவ் என்று மதுரை ரிங் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வராதீங்க, அருப்புக்கோட்டைக்கு வண்டியை அனுப்பச் சொல்லி, திருச்சுழி ரோட்டிலும் பந்தல்குடி ரோட்டிலும் முழு ஆள் ஏற்றி ஓட்டிப் பாருங்க என்றேன். பார்த்தார். இரண்டு ஷோரூம் பையன்களையும் பேசவிட்டு அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தார். ஒருவர் எதிராளி வண்டியின் பின்சீட்டில் கால் நீட்ட இடம் பற்றாது என்றிருக்கிறார். மற்றவர் எதிராளியின் வண்டி நூறைத் தாண்டினால் ஸ்டீயரிங் லேசாகிவிடும் என்றிருக்கிறார். கியர் மாறும்போது வரும் வெட்டு, டயர் சத்தம், பின்பக்க பிரேக்கில் டிஸ்க் இல்லாதது என்று தாள் நிறைய இருந்தது. "என்ன மாப்ள, இப்படிக் குறை சொல்லிக்கிறாங்க, எத நம்பி எடுக்குறது?" என்றார். எதையாவது எடுங்க மச்சான், இந்தத் தாளை மட்டும் பத்திரமா வைங்க என்றேன். அடுத்த மாடல் வரும்போது இரண்டு கம்பெனியும் இதில் எதையெல்லாம் சரிசெய்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பார்க்க வேண்டும்.