நாற்பது மைக்ரான்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெள்ளைக் காரை நாள்பூரா வெளியே நிறுத்துகிறவர்களுக்கு அந்த ஆரஞ்சுப் புள்ளிகள் பழக்கமானவை. மழை ஓய்ந்ததும் பானெட்டிலும் கூரையிலும் ஊசிமுனை அளவில் தெரியும். கார் துருப்பிடித்துவிட்டது என்று பதறுவார்கள். துருப்பிடித்தது கார் இல்லை. பக்கத்துப் பட்டறைகளில் கிரைண்டர் ஓடும்போது பறந்த இரும்புத்தூள் பெயின்டில் பதிந்து, ஈரம் பட்டுத் துருவேறியிருக்கிறது. இதோடு சாலை வேலைகளின் சிமென்ட் தூசு, போர் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கறை, வேப்பமரத்துக் காக்கைகளின் உபயம். இந்தப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் பாலிஷ் கடைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அங்கே காதில் விழும் முதல் வார்த்தை: "ஒரு ரப்பிங் போட்டுடலாம் சார்."

ரப்பிங், ஹெவி கட், கட்டிங் காம்பவுண்ட் என்று கடைக்குக் கடை பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். கீறலை அது அழிப்பதில்லை. பள்ளத்தைத் தூர்க்க மண் இல்லாதவன் சுற்றியுள்ள நிலத்தையே வெட்டி இறக்கினால் எப்படியோ, அப்படி கீறலின் அடிவரை பெயின்டைக் குறைக்கிறது. குறைக்க எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. தகரத்தின் மேல் ப்ரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்து, கம்பெனியில் அடித்த பெயின்ட் பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் சுமார் 40. தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. பளபளப்பு முழுக்க அந்த ஏட்டில்தான். வெயிலிலிருந்து கீழே உள்ள நிறத்தைக் காப்பதும் அதுவே. கம்பளிப் பேடும் முரட்டுக் காம்பவுண்டும் சேர்ந்தால் ஒரே அமர்வில் சில மைக்ரான் போய்விடும். போனது திரும்பாது. காம்பவுண்டில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு பொடி. மாணிக்கக் கல்லும் வேதியியல்படி அதேதான், இரண்டும் கடின அளவுகோலில் வைரத்துக்கு ஒரு படி கீழே. அதை மிஷினில் மாட்டிச் சுழற்றுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

திருமுல்லைவாயில் பக்கம் ஒரு ஷெட். அதை நடத்துகிறவர் அம்பாசடர் காலத்தில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கக் கற்றவர். பாலிஷுக்கு வந்த ஒரு காரின் கதவில் இருந்த கீறலின் குறுக்கே நகத்தை இழுத்தார். நகம் மாட்டியது. "இது போகாது சார். ஆழமா இறங்கிருச்சு. இதைப் போக்கணும்னா கிளியரே மிஞ்சாது. டச்சப் வச்சுக்கலாம்." மற்ற இடங்களுக்கு மட்டும் மிஷினை எடுத்தார். அதற்குமுன் ஒரு மணிநேரம் டேப் ஒட்டினார். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்பு, பாடியில் ஓடும் கோடு எல்லாவற்றிலும். மேட்டில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், பேடின் அழுத்தம் முழுக்க அங்கேதான் விழும், அரை நிமிடம் அசந்தால் ப்ரைமர் எட்டிப்பார்க்கும். அவருடைய உதவியாளப் பையன் ஓரிடத்திலேயே மிஷினை நிறுத்தியபோது, "டேய் தம்பி, இஸ்திரியா போடற? நகத்துடா!" என்றார். புறங்கையால் பானெட்டைத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டே இருந்தார். மே மாத வெயிலில் தகரம் ஏற்கெனவே கொதிக்கும், அதனால் காலை பத்து மணிக்குமேல் அவர் காரை ஷெட்டுக்கு வெளியே வைத்து மிஷின் போடுவதில்லை.

முரட்டுக் காம்பவுண்டு முடிந்ததும் கார் கண்ணாடிபோல இருந்தது. அவருக்குத் திருப்தி இல்லை. டார்ச் அடித்துக் காட்டினார். வெளிச்சத்தில் புகைபோல அலையலையாக மிஷின் போன தடம். ஷெட்டுக்குள் டியூப்லைட்டில் இது தெரியாது, வெளியே சூரியன் காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய பாலிஷும் ஃபோம் பேடும் வைத்து இன்னொரு சுற்று போனால்தான் அது அடங்கும். அவசரக் கடைகள் அந்தச் சுற்றை விட்டுவிட்டு எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷால் மூடி அனுப்பும். நாலு வாஷில் எல்லாக் கோடும் திரும்ப வரும், வாடிக்கையாளரும் திரும்ப வருவார். இன்னொரு ரப்பிங், இன்னும் சில மைக்ரான்.

இந்த ரப்பிங் பழக்கம் பழைய பெயின்டிலிருந்து வந்தது. 1920களில் டூக்கோ போன்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்கள் கார்களுக்கு வந்தபோது, ஸ்ப்ரே துப்பாக்கியால் அடித்த பெயின்ட் மங்கலாகவே காயும். தேய்த்துத்தான் பளபளப்பை வரவழைக்க வேண்டும், ஆகவே தேய்ப்பது பெயின்ட் வேலையின் கடைசிக் கட்டமாகவே இருந்தது. மங்கினால் மறுபடி தேய்க்கலாம், துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், யாரும் கவலைப்படவில்லை. கிளியர் கோட் போட்ட கார் அப்படி இல்லை. தேய்த்தால் துணியில் நிறம் வராது, அதனால் எதுவும் குறையவில்லை என்று கை நம்பிவிடுகிறது.

(பளபளப்பே வேண்டாத வண்டிகளும் இந்தப் பக்கத்தில்தான் செய்கிறார்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960களில் விஜயந்தா தொடங்கி இன்றைய அர்ஜுன்வரை டாங்கிகளுக்கு மங்கலான பெயின்ட்தான். மின்னினால் எதிரி கண்ணில் படும்.)

என் கணக்கில் கடைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹெவி கட் தேவையே இல்லை. இரும்புப் புள்ளிகளைத் தேய்ப்பது அநியாயம். அதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது, தெளித்தால் இரும்பு கரைந்து ஊதா நிறமாக வழியும், நாற்றம் குடலைப் பிரட்டும், ஆனால் கிளியருக்குச் சேதமில்லை. மிச்சத்தைக் கிளே என்னும் களிமண்போன்ற கட்டியை வைத்து எடுத்துவிடலாம். இரவில் பெயின்டில் விழும் தெருவிளக்கு வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்திவலைபோல் தெரியும் வட்டக் கோடுகளுக்கும் மெல்லிய பாலிஷ் போதும். அவை உண்மையில் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் ஓடும் நுண்கீறல்களில் வெளிச்சத்துக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகின்றன. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும்.

அந்தக் கீறல்கள் எங்கே விழுகின்றன என்று தேட வெகுதூரம் போகவேண்டாம். எங்கள் அடுக்ககத்தில் காலை ஐந்தரைக்குக் கார் துடைப்பவர் வருகிறார். எட்டு மணிக்குள் எல்லாக் கார்களையும் முடிக்க வேண்டும். கையில் ஒரு பக்கெட், நேற்றைய துணி. ராத்திரி படிந்த மணலோடு சேர்த்துத் துடைக்கிறார். நிறையத் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிட்டுத் துடையுங்கள் என்று நான் சொன்னபோது அவர் சிரித்தார். "பார்க்கிங்ல பைப்பு ஏது சார்? ரெண்டாவது பக்கெட் எடுத்தா செக்ரட்டரி மோட்டார் கரண்டைப் பத்திப் பேசறாரு." சங்கக் கூட்டத்தில் பைப் விஷயத்தை எழுப்பினேன். லாரித் தண்ணீர்ச் செலவு பேசி முடித்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். போன மூன்று கூட்டங்களாக லாரித் தண்ணீர்ச் செலவைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.